நந்தாவிளக்கு: பி-கலம் பிளாஸ்மாக் கலமாகும் வரலாறு



சோழர் காலத்தில் கோயிலிலே ஒரு நந்தாவிளக்கு எரியவேண்டும் என்று விரும்பியவர்கள், பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளைக் கோயிலுக்கு விட்டு, அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடவர் என்று கல்லில் வெட்டுவித்தார்கள் என்பதும், அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடுகள் என்று குறித்தார்கள் என்பதும் சாசனங்களைப் பயின்றோர் அறிந்தவை. ஆடு சாகாது, மூப்படையாது என்று அவர்கள் மயங்கினார்கள் அல்லர். செத்ததற்கும் மூத்ததற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து மந்தையின் தொகை குறையாமற் காக்கும் பொறுப்பையே அப்பெயரால் சுட்டினார்கள். நம்முடைய சரீரத்துள்ளும் அத்தகைய விளக்குகள் பல எரிகின்றன. ஒருமுறை சின்னமுத்து வந்தவருக்கு ஆயுள் முழுவதும் அந்நோய் மீண்டும் வராதிருப்பது அவற்றுள் ஒன்றின் ஒளியாலேதான். அவ்விளக்குக்கு நெய் வார்ப்பது எது, எங்கேயிருந்து வார்க்கிறது, அத்தொழிலை அது எவ்வாறு கற்றது என்பனவே இன்றைய சொற்பொழிவின் பொருள்.

இவ்விஷயத்தைத் தமிழிலே சொல்ல முற்படும்போது, மானிப்பாயிலே வாழ்ந்து மேலைத்தேச வைத்தியத்தை நமக்குத் தமிழில் தந்த வைத்தியர் சமூவேல் பிஸ்க் கிறீன் அவர்களை முதற்கண் நினைவுகூர்தல் என் கடன். 1847இல் அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்த அவர், அறுபதுக்கு மேற்பட்ட வாலிபரை வைத்தியராகப் பயிற்றியதோடு, பிற்காலத்தில் தமிழையே போதனாமொழியாகக் கொண்டு கற்பிக்கவும் துணிந்தார். அங்காதிபாதம், சுகரணவாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் என்று அவரும் அவர் மாணாக்கரும் ஆக்கிய நூல்களின் பெயர்களைக் கேட்கும்போதே, ஒரு சாஸ்திரம் புதியதொரு வீட்டுக்குக் குடிவந்து தன் பாத்திர பண்டங்களை ஒழுங்குபடுத்தும் ஓசை நம் காதில் விழுகிறது. அவர் 1884இல் காலமானார். பிறபொருளெதிரிகளைப் பற்றிய முதல் உண்மை உலகுக்குத் தெரிந்தது அதற்கு ஆறு ஆண்டுகளின் பின்னரே ஆதலால், நான் கூறப்போகும் கலத்தின் வரலாற்றுக்கு அவருடைய நூல்களில் இடமிருந்திருக்க முடியாது. அவர் நிறுத்திய இடத்திலிருந்து ஒரு சிறிய அத்தியாயத்தைத் தொடர்ந்து எழுதும் முயற்சியாக இதனைக் கொள்ளும்படி வேண்டுகிறேன்.

எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது நெருப்புக்காய்ச்சல் கண்டது. சுண்ணக்கற் பாறையின்மேல் மெல்லிய மண்போர்வையோடு கிடக்கும் இக்குடாநாட்டில், கிணறும் மலக்குழியும் ஒரே வளவுக்குள் அருகருகே அமைவதும், பாறையின் வெடிப்புகளூடாக ஒன்றின் நீர் மற்றொன்றைச் சென்று சேர்வதும் புதியன அல்ல. நெருப்புக்காய்ச்சல் நம்மை விட்டு எளிதில் நீங்காதிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மருந்து கொடுத்தார்கள், கஞ்சி கொடுத்தார்கள், அம்மம்மா மட்டும் சுவரிலே கரிக்கட்டியால் நாளுக்கொரு கோடு இழுத்துக்கொண்டு, "மூண்டு கிழமை போகவேணும் ராசா, பிறகு உடம்பு தானாத் திரும்பும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் நோயியல் கற்றபோது, அந்தக் கரிக்கோடுகளுக்கு ஒரு நியாயம் இருந்ததை அறிந்தேன். நெருப்புக்காய்ச்சல் நோயாளியின் குருதிநீரை அந்நோய்க் கிருமிகளோடு கலந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன என்பதைப் பயன்படுத்தி, பிரான்சிய வைத்தியர் வீடால் 1896இல் ஒரு பரிசோதனையை அமைத்தார். ஆனால் காய்ச்சல் தொடங்கிய முதல் வாரத்தில் அப்பரிசோதனை பெரும்பாலும் எதையும் காட்டுவதில்லை. இரண்டாம் வாரத்திலேதான் திரட்சி தெளிவாகத் தோன்றும். அந்த முதல் வாரத்தில் உடம்பு சும்மா இருந்ததா என்றால், இல்லை. வெளியிலே தெரியாத ஒரு பெரிய பாடசாலை அப்போது உள்ளே நடந்துகொண்டிருந்தது.

குருதிநீரில் நோயைத் தடுக்கும் சக்தியொன்று உண்டு என்று நிலைநாட்டியவர்கள் ஜெர்மனியரான எமில் வொன் பெரிங்கும் ஜப்பானியரான கிற்றசாத்தோவும் ஆவர். ஏற்புவலிக் கிருமியின் நஞ்சைத் தாங்கும்படி பழக்கிய பிராணியொன்றின் குருதிநீரை வேறொரு பிராணிக்கு ஏற்றினால், அதுவும் அந்நஞ்சினின்றும் காக்கப்படுகிறது என்று 1890இல் பெர்லினில் அவர்கள் காட்டினார்கள். பிற பொருளை எதிர்த்து நிற்பதால் அச்சக்தியைத் தாங்கிய புரதத்தைப் பிறபொருளெதிரி என்று நம்முடைய பாடநூல்கள் பொருத்தமாகவே வழங்குகின்றன. பொருள் அகப்பட்டது, அதைச் செய்யும் கைகள் அகப்படவில்லை. கருவை ஓர் ஓரத்தில் ஒதுக்கிவைத்து, அக்கருவினுள்ளே வண்டிச்சில்லின் ஆரக்கால்கள் போன்ற கோலத்தைக் காட்டும் பிளாஸ்மாக் கலங்களை அதே காலத்து ஆராய்ச்சியாளர்கள் நுணுக்குக்காட்டியில் கண்டு வர்ணித்துவிட்ட போதிலும், அவற்றின் தொழில் இன்னதென்று அரை நூற்றாண்டுக்கு மேலாக ஐயமறத் தெரியவில்லை. 1948இல் ஸ்ரொக்ஹோமில் அஸ்திரிட் பக்றேயஸ் என்ற பெண்மணி, முயலின் மண்ணீரலில் பிளாஸ்மாக் கலங்கள் மிகுந்த பகுதியைத் தனியே வளர்த்து, பிறபொருளெதிரி அங்கேயே மிகுதியாக உண்டாகிறது என்று தம்முடைய பட்ட ஆய்வில் காட்டியபோது அக்கைகள் எவை என்பது புலனாயிற்று.

அப்பிளாஸ்மாக் கலம் எதன் பிள்ளை என்பதற்கு விடை, யாரும் எதிர்பாராத விதமாக, ஒரு கோழிக்கூட்டிலிருந்து வந்தது. கோழியின் குடல் முடியும் இடத்தில் பையொன்று உண்டு. அதை முதலில் விவரித்த பப்ரீசியஸ் என்ற இத்தாலிய பண்டிதரின் பெயரால் அதனை பப்ரீசியஸ் பர்சா என்பர். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்திலே புரூஸ் கிளிக் என்ற மாணவர், அப்பையின் பயன் யாது என்று அறியும் நோக்கத்துடன் குஞ்சுகளினின்று அதை நீக்கி வளர்த்துக்கொண்டிருந்தார். வகுப்பிலே பிறபொருளெதிரி உண்டாவதைக் காட்டுவதற்காக அவருடைய சக மாணவரான திமோதி சாங் அக்கோழிகளைக் கேட்டு வாங்கி, நெருப்புக்காய்ச்சற் கிருமியின் இனத்தைச் சேர்ந்த சல்மோனெல்லாவை ஏற்றிப் பார்க்க, பர்சா இல்லாத கோழிகளிடம் பிறபொருளெதிரி உண்டாகவே இல்லை. 1956இல் கோழி வளர்ப்புக்குரிய சஞ்சிகையில் வெளியான அவ்வாராய்ச்சியை வைத்திய உலகம் நெடுநாள் கவனிக்கவில்லை. 1965இல் மக்ஸ் கூப்பரும் அவர் குழுவினரும் அதனைத் தொடர்ந்து ஆராய்ந்து, நிணநீர்க்குழியங்களில் இரு குலங்கள் உண்டு என்றும், தைமசுச் சுரப்பியில் முதிர்வது ஒன்று, பர்சாவில் முதிர்வது மற்றொன்று என்றும் நிறுவினார்கள். பர்சாவின் முதலெழுத்தால் இரண்டாவது குலம் பி-கலம் எனவும், தைமசின் முதலெழுத்தால் முதலாவது ரி-கலம் எனவும் பெயர்பெற்றன. மனிதருக்குப் பர்சா இல்லை. நம்முடைய பி-கலங்கள் என்பு மச்சையிலே பிறக்கின்றன.

பிறக்கும்போதே ஒவ்வொரு பி-கலமும் தனக்கென ஒரு வடிவத்தைப் பெறுகிறது. பிறபொருளெதிரியின் ஒரு பகுதியை எழுதுவதற்கு வேண்டிய பரம்பரையலகு முழுதாக ஓரிடத்தில் இல்லை. ஏறத்தாழ 40 துண்டுகள் ஒரு வரிசையிலும், 23 துண்டுகள் வேறொரு வரிசையிலும், 6 துண்டுகள் மூன்றாவது வரிசையிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒன்றை எடுத்துக் கோத்தாலே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கோவைகள் பிறக்கும். கோக்கும் மூட்டுகளில் நேரும் கூட்டல் குறைத்தல்களாலும், புரதத்தின் மற்றைப் பகுதி வேறாகச் சேர்வதாலும் அத்தொகை கோடிக்கணக்காகப் பெருகுகிறது. மனிதரின் பரம்பரையலகுகள் இருபதினாயிரமளவிலேயே இருக்க, எண்ணிறந்த பிறபொருளெதிரிகள் எங்ஙனம் உண்டாகின்றன என்று பலர் தலையுடைத்துக்கொண்டிருந்த வினாவுக்கு, 1976இல் சுசுமு தொனெகாவா இவ்விடையைக் கண்டு, 1987இல் நோபல் பரிசு பெற்றார். இதில் வியக்கத்தக்கது யாதெனில், எந்தக் கிருமி வரும் என்று அறியாமலே உடம்பு ஆயத்தமாகிறது என்பதாகும். எழுந்தமானமாகச் செய்யும் கோவையாதலின், தன் சொந்த உடம்பையே பற்றும் வடிவங்களும் அவற்றுள் தோன்றும். அத்தகையவற்றுட் பலவற்றை என்பு மச்சை வெளியே விடாது திருத்துகிறது அல்லது மாய்த்துவிடுகிறது.

இனி நெருப்புக்காய்ச்சற் கிருமி குடலைத் துளைத்து உள்ளே வந்துவிட்டது என்று கொள்வோம். கோடிக்கணக்கான பி-கலங்களுள் தன் வடிவத்தோடு அதைப் பொருத்தக்கூடியவை மிகச்சில. நிணநீர்க் கணுவிலோ மண்ணீரலிலோ அச்சிலவே அதைச் சந்தித்துப் பெருகத் தொடங்குகின்றன. 1957இல் அவுஸ்திரேலிய அறிஞர் பேர்னற் இதனைத் தெரிவுக் கொள்கையாக வகுத்தார். இணுவில், கோண்டாவில் செம்மண் தோட்டங்களில் ஒரு விதை வெங்காயத்தை நட்டால் அதே இனம் ஒரு கொத்தாகக் கிளைப்பதைப் பார்த்த நமக்கு இக்கொள்கையை விளங்கிக்கொள்வதில் சிரமம் இல்லை: எந்த விதை மண்ணுக்கு ஒத்ததோ அது பெருகுகிறது, ஏனையவை தம் காலத்துக்காகக் காத்திருக்கின்றன. பெருகியவற்றுள் ஒரு பகுதி, மேலும் கற்க நேரமின்றி, உடனடியாகவே பிளாஸ்மாக் கலங்களாகி முதல் எதிர்ப்பைத் தருகிறது. அவை சில நாட்களே வாழும். அவற்றின் பிறபொருளெதிரி அவ்வளவு இறுக்கமாகப் பற்றுவதுமில்லை. ஆயினும் வீடு எரியும்போது முதலில் ஓடிவரும் அயலவர் அவர்களே.

ஏனையவை ரி-கலங்களின் துணையோடு முளைமையம் எனப்படும் இடத்தினுள் புகுகின்றன. நான் பாடசாலை என்று சொன்னது இதனையே. அங்கே பி-கலம் சில மணிநேரங்களுக்கு ஒருமுறை பிரிந்து பெருகும்போது, தன் பிறபொருளெதிரியை எழுதும் பரம்பரையலகிலே வேண்டுமென்றே பிழை விடுகிறது; மற்றைப் பரம்பரையலகுகளில் அபூர்வமாக நேரும் விகாரம், இங்கே ஒவ்வொரு பிரிவிலும் ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் நேர்கிறது. அவ்விகாரத்தைச் செய்யும் நொதியத்தைக் கியோட்டோவிலே தசுக்கு ஹொன்ஜோவின் ஆய்வுகூடம் 1999இல் கண்டறிந்தது. பிழைகளிற் பெரும்பாலானவை பயனற்றவை அல்லது தீயவை. அவற்றைச் சுமந்த கலங்கள் அங்கேயே இறந்துபோகின்றன. எப்போதோ ஒரு பிழை பிடியை இறுக்கிவிட, அக்கலம் கிருமியின் துணுக்கைப் பிறரினும் கூடுதலாகப் பற்றியெடுத்து ரி-கலத்திடம் காட்டி, அதன் உதவியைப் பெற்று, மீண்டும் பிரியச் செல்கிறது. பிழை விடவும், பிழையைச் சோதிக்கவும், தேறியதை மட்டும் மேலே ஏற்றவும் இடங்கொடுக்கும் இப்பாடசாலையிலே சில வாரம் பயின்ற கலத்தின் பிறபொருளெதிரி, தொடக்கத்தில் இருந்ததைக் காட்டிலும் பன்மடங்கு உறுதியாகப் பற்றும்.

கல்வி முடிந்ததும் சில கலங்கள் ஞாபகக் கலங்களாக இளைப்பாறிக் காத்திருக்க, சில பிளாஸ்மாக் கலங்களாக மாறுகின்றன. அம்மாற்றம் ஒரு துறவுக்கு ஒப்பானது. பி-கலத்தைப் பி-கலமாக வைத்திருக்கும் பாக்ஸ்-5 என்ற கட்டளைப் புரதத்தை, 1994இல் இனங்காணப்பட்ட பிளிம்ப்-1 என்ற மற்றொரு கட்டளைப் புரதம் அடக்கிவிடுகிறது. அதன்பின் அக்கலம் பிரிந்து பெருகும் ஆற்றலை இழக்கிறது. கிருமியை உணர்வதற்காக மேற்பரப்பில் தாங்கியிருந்த வாங்கிகளைப் பெரும்பாலும் இழக்கிறது. ரி-கலத்தோடு உரையாடும் வழியையும் இழக்கிறது. இழந்த இடமெல்லாம் தொழிலுக்கு ஒதுக்கப்படுகிறது. எக்ஸ்-பீ-பீ-1 என்ற வேறொரு புரதத்தின் ஆணையால், புரதங்களை ஆக்கும் இடமாகிய அகமுதலுருச் சிறுவலை மடிப்பு மடிப்பாக விரிந்து கலத்தை நிறைக்க, கரு ஓரத்துக்கு ஒதுங்குகிறது. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் நுணுக்குக்காட்டியில் கண்ட அந்த ஓரக் கருவின் பொருள் இதுவே. இவ்வாறு அமைந்த ஒரு கலம் ஒரு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான பிறபொருளெதிரி மூலக்கூறுகளை வெளிவிடுகிறது. தான் கற்ற ஒன்றைத் தவிர வேறெதையும் அது செய்வதில்லை. இனிமேல் கற்கவும் மாட்டாது.

இப்போது நந்தாவிளக்குக்குத் திரும்புவோம். 1846இல் வட அத்திலாந்திக்கிலுள்ள பாரோ தீவுகளில் சின்னமுத்து பரவியபோது, டென்மார்க்கிலிருந்து அனுப்பப்பட்ட பானும் என்ற இளம் வைத்தியர், ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேர்வரை நோயுற்றதையும், ஆனால் 1781இல் அங்கே வந்துபோன சின்னமுத்தில் அகப்பட்டுப் பிழைத்திருந்த முதியோர் எவரும் மீண்டும் நோயுறாததையும் குறித்துவைத்தார். இடையிலே கழிந்தவை 65 ஆண்டுகள். குருதியில் மிகுதியாக உள்ள பிறபொருளெதிரி வகை, 21 நாட்களில் பாதியாகத் தேய்ந்துவிடும் இயல்புடையது. ஆகவே அம்முதியோரைக் காத்தது 1781இல் உண்டான பிறபொருளெதிரியாக இருக்க இயலாது. ஞாபகக் கலங்கள் காத்திருந்தன; பிளாஸ்மாக் கலங்களோ, கிருமியே இல்லாத அறுபத்தைந்து ஆண்டுகளிலும் நெய் அளந்துகொண்டிருந்தன. 2007இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியொன்று, சின்னமுத்துக்கு எதிரான பிறபொருளெதிரி ஆயுட்காலத்தில் அளவிடத்தக்க தேய்வின்றி நிற்பதையும், ஏற்புவலிக்கு எதிரானது ஏறத்தாழ 11 ஆண்டுகளில் பாதியாவதையும் காட்டிற்று.

அவ்வாறாயின், நெய் அளக்கும் கலம் தனித்தனியே நீடு வாழ்கிறதா, அல்லது சோழர் மந்தையைப்போலச் செத்ததற்கு ஈடாகப் புதியது சேர்கிறதா என்ற கேள்வி எழுகிறது. ஆராய்ச்சியாளர்கள் இதனை நெடுங்காலம் விவாதித்தார்கள். 2017இல் ஒஸ்லோ ஆராய்ச்சியாளர்கள், அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் மிகுந்த கதிரியக்கக் கரியின் சுவட்டைக் கொண்டு கலங்களின் வயதைக் கணித்து, மனிதரின் சிறுகுடலில் சில பிளாஸ்மாக் கலங்கள் பல பத்தாண்டுகள் வாழ்கின்றன என்று காட்டினார்கள். கல்வெட்டிலே பொறுப்பைக் குறித்த சாவா மூவா என்ற சொல், இங்கே சில கலங்களுக்கு ஏறக்குறைய நேர்ப்பொருளிலேயே பொருந்திவிடுகிறது.

ஆனால் இந்நீடுவாழ்வு கலத்தினுள்ளே பொதிந்த வரம் என்று எண்ணிவிடலாகாது. நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் இதுதான். என்பு மச்சையினின்று எடுத்துத் தனியே வைத்த பிளாஸ்மாக் கலம் விரைவில் இறந்துபோகிறது. மச்சையிலே அதற்கென அமைந்த இடமுண்டு; அங்குள்ள தாங்குகலங்கள் ஒருவகை இரசாயன அழைப்பால் அதைத் தம்மருகே இருத்துகின்றன; சூழவுள்ள வேறு கலங்கள் உயிர்தரும் சுரப்புகளை ஊட்டுகின்றன. அத்தகைய இடங்கள் அளவானவை. கிருமியை மறவாத ஞாபகம் என்று நாம் புகழ்வது, ஒரு தொழிலாளியும் அவனுக்கு இடங்கொடுத்து ஊட்டும் அயலும் சேர்ந்து நாள்தோறும் நடத்தும் தொழிலாகும்.

முளைமையத்துக் கல்வியின் பயனை அறிந்தவர்கள் தடுப்பூசியையும் அதற்கேற்பத் திருத்தினார்கள். நெருப்புக்காய்ச்சற் கிருமியின் மேலுறையிலுள்ள வெல்லப் பொருளை மட்டும் கொண்ட பழைய ஊசி, புரதமன்மையால் ரி-கலத்தின் உதவியைப் பெறாது. ஆகவே முளைமையத்துக் கல்வி நிகழ்வதில்லை. பிறந்த பிளாஸ்மாக் கலங்கள் நிலைப்பதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது பயன்படுவதுமில்லை. அதே வெல்லப் பொருளை, நச்சுத்தன்மை நீக்கிய ஏற்புவலி நஞ்சோடு இணைத்துக் கொடுத்தால், நஞ்சின் புரதத்தை முன்னிட்டு ரி-கலம் உதவிக்கு வருகிறது. அவ்வாறு ஐதராபாத்தில் ஆக்கப்பட்ட தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2017இன் முடிவில் அங்கீகரித்தது. ஆறு மாதக் குழந்தைக்கும் அது பொருந்தும். ஒற்றைப் பிணைப்பின் விளைவு எவ்வளவு பெரிது என்பதைக் கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழும் நம் மக்கள் அறிதல் நன்று.

பிளாஸ்மாக் கலத்தின் உழைப்பு அதன் சொந்தக்காரரோடு நின்றுவிடுவதுமில்லை. தாயின் பிளாஸ்மாக் கலம் ஆக்கிய பிறபொருளெதிரி சூல்வித்தகத்தைக் கடந்து கருவிலிருக்கும் பிள்ளையைச் சென்றடைகிறது. தாயின் குடலில் பயின்ற கலங்கள் மார்பகத்துக்குக் குடிபெயர்ந்து, கடும்புப்பாலில் வேறொரு வகைப் பிறபொருளெதிரியை நிறைக்கின்றன. கர்ப்பிணிக்கு மருத்துவமாது போடும் ஏற்புவலித் தடுப்பூசி, இன்னும் பிறவாத குழந்தையின் தொப்புளைக் காக்கிறது. தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ஏற்புவலி 2016இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டதற்கும், இலங்கை 2019இல் சின்னமுத்தை ஒழித்த நாடாக அங்கீகாரம் பெற்றதற்கும் பின்னால், வெயிலில் சைக்கிள் மிதித்துச் சென்ற எண்ணற்ற மருத்துவமாதர்களின் நாட்கள் கிடக்கின்றன. தோட்டத்திலே சுருட்டை விரியனோ முத்திரைப் புடையனோ தீண்டிய விவசாயியை ஆஸ்பத்திரியில் காப்பாற்றும் மருந்தும், குதிரையின் பிளாஸ்மாக் கலங்கள் ஆக்கியதே. அம்மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. அதற்கு வேண்டிய நஞ்சை, 1978இல் தொடங்கிய சங்கத்தின் மூலம், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் குலத்தோர் பாம்புகளிடமிருந்து எடுத்துத் தருகின்றனர். நம் நாட்டுப் பாம்பின் நஞ்சு அந்நாட்டு நஞ்சினின்றும் சிறிது வேறுபடுவதால், அம்மருந்தின் பிடி இங்கே சில வேளைகளில் தளர்கிறது என்று நம் வைத்தியர்கள் குறித்துள்ளார்கள். கற்ற பாடத்தையே கலம் ஒப்புவிக்கும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கிறீன் வைத்தியரை இறுதியாக மீண்டும் நினைக்கிறேன். 1873இல் அவர் இவ்வூரை விட்டு நீங்கிய பின்னர், தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. கொழும்பிலே ஆங்கிலவழி வைத்தியக் கல்லூரி 1870இலேயே எழுந்துவிட்டது. நூல்கள் இருந்தன, சொற்கள் இருந்தன, அவற்றை ஆளக் கற்ற வைத்தியர்களும் இருந்தார்கள். அவர்களை இருத்தி ஊட்டும் மச்சை இல்லாதுபோயிற்று. இன்று பிறபொருளெதிரி, நிர்ப்பீடனம், அகமுதலுருச் சிறுவலை என்ற சொற்களை நான் தடையின்றிச் சொல்ல முடிவது, இடைக்காலத்தில் நம் பாடசாலை ஆசிரியர்கள் அவற்றைக் கரும்பலகையில் நாள்தோறும் எழுதிவந்தமையாலேயாம். அவர்களே இம்மொழியின் சாவா மூவாப் பேராடுகளை மேய்த்தவர்கள்.

இச்சொற்பொழிவுக்கென அறக்கட்டளை நிறுவியவர் வைத்த பொருளும் அத்தகைய ஒரு மந்தையே. ஆண்டுதோறும் ஒருவர் வந்து ஓர் உழக்கு அளந்துவிட்டுப் போகிறார். இவ்வாண்டு என் முறை. இங்கிருக்கும் மாணவருள் ஒருவர், நான் சொன்னவற்றிற் பிழை கண்டு, திருத்தி, என்னிலும் தெளிவாகத் தமிழிலே சொல்ல ஒருநாள் இம்மேடைக்கு வருவாராயின், இம்மந்தை குறையவில்லை என்று மனநிறைவு கொள்வேன்.